தண்டனைக்குக் காரணம் கேட்டவர்

பத்தாண்டு நிறைவு மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தருமாறு வட்டத்தார் பணித்தபோது, நண்பர் வட்டம் ஒன்று உலகின் தண்டனைச் சட்ட வரலாற்றைத் திசைதிருப்பிய செய்தி நினைவுக்கு வந்தது. நம் வட்டத்தின் வயதில் ஏறத்தாழப் பாதியே அது வாழ்ந்தது. 1760களில் மிலான் நகரில் கூடிய அவ்வட்டத்தின் உறுப்பினருள் ஒருவரே செசாரே பெக்காரியா.

அன்று ஆஸ்திரிய ஆட்சியின்கீழ் இருந்த மிலானில், 1738 மார்ச் 15ஆம் நாள் உயர்குடி ஒன்றில் அவர் பிறந்தார். பார்மா நகரில் ஏசு சபையினர் நடத்திய கல்லூரியில் பயின்றபின், 1758இல் பாவியா பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார். தெரேசா பிளாஸ்கோ என்னும் இளம்பெண்ணை அவர் மணக்க விரும்பியபோது தந்தை இசையவில்லை. தந்தைக்குரிய அதிகாரத்தைக் கொண்டு மகனை வீட்டுக்காவலில் வைக்கச் செய்தார். அதையும் மீறி 1761இல் திருமணம் நடந்தது. பெக்காரியாவின் நூலில் குடும்பத் தலைவரின் எல்லையற்ற அதிகாரத்தைச் சாடும் பகுதி ஒன்று உண்டு. அதைப் படிக்கும்போதெல்லாம் அந்த வீட்டுக்காவல் எனக்கு நினைவுக்கு வரும்.

அக்காலத்தில் பியெத்ரோ வெர்ரி, அலெசாந்த்ரோ வெர்ரி என்னும் உடன்பிறந்தார் இருவரின் இல்லத்தில் இளைஞர் சிலர் கூடிப் படிப்பதும் வாதிடுவதும் வழக்கம். தம் வாதங்களின் சூட்டை நினைத்தோ என்னவோ, கைக்குத்துக் கழகம் எனத் தமக்கு விளையாட்டாகப் பெயரிட்டுக்கொண்டனர். 1764 முதல் 1766 வரை இல் கஃபே என்னும் இதழையும் நடத்தினர். அலெசாந்த்ரோ, சிறைக் கைதிகளின் குறைகளைக் கேட்டு முறையிடும் பொறுப்பில் இருந்தவர். சிறைச் செய்திகள் அவர்வழியே வட்டத்துக்கு வந்தன. தண்டனை பற்றி எழுதுமாறு தூண்டியவர் பியெத்ரோ. பெக்காரியாவோ எழுதச் சோம்புபவர், கூச்ச இயல்பினர், வழக்காடு மன்ற அனுபவம் ஏதும் இல்லாதவர். மாலைதோறும் பேசி, எழுதியதைப் படித்துக்காட்டி, பியெத்ரோ படியெடுத்துச் செப்பம் செய்ய, அச்சிறு நூல் உருப்பெற்றது. 1764இல் லிவோர்னோ நகரில், ஆசிரியர் பெயரின்றி, குற்றங்களும் தண்டனைகளும் பற்றி என்னும் பொருள்படும் தலைப்புடன் வெளிவந்தது. ஆசிரியருக்கு அப்போது வயது 26.

அனுபவம் இல்லாதவர் எழுதிய நூல் அனுபவசாலிகளின் கோட்டையை அசைத்தது எப்படி? கோட்பாடு எதற்கு, தரவு போதாதா என்று என் ஆய்வு மாணவர் கேட்கும்போதெல்லாம் நான் இந்நூலையே சுட்டுவது வழக்கம். அக்கால மன்றங்களில் சித்திரவதை என்பது நீதிபதியின் கொடுங்குணத்தால் மட்டும் விளைந்ததன்று. அதன்பின் முறையான சான்றுக் கணக்கு ஒன்று இருந்தது. பெருங்குற்றத்திற்குத் தண்டனை வழங்க நேரில் கண்ட சாட்சிகள் இருவர் வேண்டும். இன்றேல் ஒப்புதல் வாக்குமூலம் வேண்டும். சூழ்நிலைச் சான்று பாதிச் சான்றே. மீதிப் பாதியைப் பெறுவதற்குக் கயிறு பயன்பட்டது. அதாவது, தமக்குக் கோட்பாடு தேவையில்லை, நடைமுறையே போதும் என்றிருந்த நீதிபதிகள் உண்மையில் பழைய கோட்பாடு ஒன்றின் உள்ளேதான் வாழ்ந்துகொண்டிருந்தனர். அதன் சுவர் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. வெளியே நின்ற இளைஞருக்குத் தெரிந்தது.

தண்டிக்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்பதே அவரது முதல் வினா. மாந்தர் அச்சமின்றி வாழ்வதற்காகத் தத்தம் சுதந்திரத்தில் மிகச் சிறிய பங்கை விட்டுக்கொடுத்தனர். அப்பங்குகளின் தொகையே அரசின் உரிமை. அதற்கு மேற்பட்ட தண்டனை கொடுங்கோன்மை. இந்த ஓர் அடிப்படையிலிருந்து எஞ்சியவற்றை அவர் வருவித்துக்கொண்டே போகிறார். குற்றத்தின் அளவுகோல் சமூகத்திற்கு நேர்ந்த கேடே. பாவத்தின் கனம் அன்று. தண்டனையின் கடுமையைவிட, அது தப்பாமலும் விரைந்தும் வருவதே குற்றத்தைத் தடுக்கும். சட்டம் மக்கள் மொழியில் இருத்தல் வேண்டும். வன்மை மிக்க குற்றவாளி சித்திரவதையைத் தாங்கி விடுதலை பெறுவான். மெலிந்த நிரபராதி தாங்காமல் குற்றத்தை ஏற்பான். கொலையை வெறுக்கும் சட்டம் தானே கொலை செய்தல் பொருந்தாது.

குறைகளும் உண்டு. தூக்குக்கு மாற்றாக அவர் முன்வைத்தது வாழ்நாள் அடிமை உழைப்பு. சாவைவிட அது மிகுதியாக அச்சுறுத்தும் என்பதே அவர் காட்டிய காரணம். கருணையின் குரலாக மட்டும் அவரைப் போற்றுவோர் இப்பக்கத்தை விரைந்து புரட்டிவிடுகின்றனர். தண்டனையைப் பயன் நோக்கி அளப்பவர் எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு அந்நூலில் நிறைவான விடை இல்லை என்பது என் கருத்து.

பாக்கினெயி என்னும் துறவி 1765இல் அவரைச் சமயப் பகைவர் என்று சாடினார். மறுப்பு எழுதியவர்கள் வெர்ரி உடன்பிறந்தாரே. 1766இல் திருச்சபை நூலைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டில் வோல்தேர் அதற்கு விளக்கவுரை எழுதினார். மோர்லே செய்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பால் புகழ் பரவ, அறிஞர் அழைப்பை ஏற்று 1766 அக்டோபரில் பெக்காரியா அலெசாந்த்ரோவுடன் பாரிசு சென்றார். பாராட்டு மழைக்கு நடுவே மனைவியைப் பிரிந்த ஏக்கம் தாங்காமல் சில வாரங்களிலேயே தனியே திரும்பிவிட்டார். வெர்ரிகள் அதை மன்னிக்கவில்லை. நூல் யாருடையது என்ற கசப்பும் சேர்ந்துகொள்ள, வட்டம் கலைந்தது.

பிறகு அவர் அதுபோன்ற நூலொன்றை எழுதவில்லை. 1768இல் மிலானில் பொருளியல் பேராசிரியரானார். 1770இல் இலக்கிய நடையின் இயல்பை ஆராயும் நூலொன்றை வெளியிட்டார். கவிஞர் நிறைந்த இவ்வட்டத்தில்கூட அதை அறிந்தார் சிலரே. 1771 முதல் இறுதிவரை அரசு அலுவலராகத் தானியம், நாணயம், எடைகள், அளவைகள் பற்றிய கோப்புகளோடு வாழ்ந்தார். 1774இல் தெரேசா இறந்தார்; சில மாதங்களுக்குள் அவர் மறுமணம் செய்துகொண்டார். மகள் ஜூலியா கன்னிமடத்தில் வளர்ந்தாள். தந்தையின் அதிகாரத்தைக் கண்டித்தவரின் வீட்டில் இதுவும் நடந்தது.

நூல் மட்டும் பயணம் செய்தது. உருசியப் பேரரசி காத்தரீன் 1767இல் வெளியிட்ட சட்ட அறிவுரையில் அதன் கருத்துகள் இடம்பெற்றன. 1786இல் தஸ்கனி மரண தண்டனையை ஒழித்தது. அவரிடம் கற்ற பெந்தாமின் சிந்தனை வழியே, மெக்காலே 1837இல் வரைந்த இந்தியத் தண்டனைச் சட்டம் வரை அச்செல்வாக்கு நீண்டது. 1860இல் இயற்றப்பட்ட அச்சட்டம் 2024 சூன் இறுதி வரை நம்மை ஆண்டது.

1792இல் லொம்பார்தியின் தண்டனைச் சட்டத்தை ஆராய்ந்த குழுவில் மரண தண்டனைக்கு எதிராக அவர் சிறுபான்மைக் கருத்தைப் பதிவு செய்தார். இம்முறை அவர் அழுத்தியது, மனிதச் சான்றுகள் தவறக்கூடும், நிறைவேறிய தூக்கைத் திருத்த இயலாது என்பதை. கோட்பாட்டோடு தொடங்கியவர், இருபதாண்டு அலுவலக வாழ்வுக்குப்பின் பிழை என்னும் சொல்லுக்கு வந்து சேர்ந்தார். 1794 நவம்பர் 28இல் மறைந்தார்.

ஜூலியாவின் மகனே இத்தாலியின் பெரும் நாவலாசிரியர் அலெசாந்த்ரோ மன்சோனி. 1630இல் மிலானில் கொள்ளைநோய் பரவியபோது, சுவர்களில் நஞ்சு பூசியதாக மோரா என்னும் நாவிதர் உள்ளிட்டோர் சித்திரவதைக்குப்பின் கொல்லப்பட்டனர். மோராவின் வீட்டை இடித்து அங்கே நாட்டிய இழிவுத் தூண் 1778இல் அகற்றப்பட்டது. அவ்வழக்கைப் பற்றிப் பியெத்ரோ வெர்ரி எழுதியபோது, குற்றத்தைச் சித்திரவதை முறையின்மேல் சுமத்தினார். 1842இல் வெளிவந்த தம் நூலில் மன்சோனி அதற்கு உடன்படவில்லை. பாட்டனார் தம் நூலின் முன்னுரையில் இகழ்ந்த பரினாச்சி முதலிய பழைய சட்ட அறிஞர்கள்கூடச் சித்திரவதைக்கு வரம்பு கட்டியிருந்தனர். நீதிபதிகள் அவ்வரம்பையும் தெரிந்தே மீறினர். பழியை முழுவதும் காலத்தின்மேலும் சட்டத்தின்மேலும் ஏற்றினால் அந்த மனிதர்கள் தப்பிவிடுவார்கள் என்று பேரன் வாதிட்டார்.