இரு விரல்களின் வெற்றி

பெல்ஜியத்தில் 1910ஆம் ஆண்டு நாடோடிக் குடும்பமொன்றில் பிறந்தவர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட். இளமை முதல் இசையே அவர் பிழைப்பு. 1928இல், பாரிஸ் அருகே அவர் வசித்த வண்டிவீடு தீப்பற்றியது. இடக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் வெந்து மடங்கிவிட்டன. கித்தாரில் பல ‘கார்டு’களைப் பிடிக்க நான்கு விரல்களும் வேண்டுமே!

மருத்துவமனையில் கிடந்தவருக்குத் தம்பி ஜோசப் கித்தார் கொண்டுவந்து கொடுத்தார். பழைய முறை கைகொடுக்கவில்லை. ஜாங்கோ புதிய முறை கண்டார். நல்ல விரல்கள் இரண்டால் கம்பிகளின் மேல் விரைந்தோடப் பழகினார். மடங்கிய விரல்களை மெல்லிய கம்பிகளில் பதித்து, சில சுரங்களே கொண்ட சிறிய கார்டுகளை அமைத்தார்.

1934இல் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியுடன் பாரிஸில் அவர் தொடங்கிய ஐவர் குழு உலகப் புகழ் பெற்றது. 1953இல் அவர் மறைந்தார்.

அன்புத் தோழியரே, விரல் வலிக்கிறதென்று கித்தாரைச் சுவரில் சாய்க்குமுன் ஜாங்கோவை நினைத்துக்கொள்வோம்.