205ஆம் பக்கத்தில் ஒரு பிழை

பழைய அமெரிக்க நாவல்களைச் சேகரிப்பவர் கையில் 1925ஆம் ஆண்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' கிடைத்தால், அவர் முதலில் கதையைப் படிக்க மாட்டார். நேராக 205ஆம் பக்கத்தைப் புரட்டுவார். அங்கே ஓர் அச்சுப்பிழை இருக்கிறதா என்று தேடுவார். பிழை இருந்தால் மகிழ்ச்சி. இல்லாவிட்டால் ஏமாற்றம்!

அந்த நாவலை எழுதிய எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கும் பிழைகளுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1896 செப்டம்பர் 24ஆம் தேதி மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் பிறந்தார். 13 வயதிலேயே பள்ளி இதழில் கதை எழுதினார். ஆனால் எழுத்துக்கூட்டல் மட்டும் கடைசிவரை அவருக்குக் கைவரவில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பாடங்களைவிட நாடகத்திலும் எழுத்திலும் நாட்டம் அதிகம். பட்டம் பெறாமலே 1917ல் ராணுவத்தில் சேர்ந்தார். போரில் இறந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் அவசரமாக ஒரு நாவல் எழுதினார். ஸ்கிரிப்னர்ஸ் பதிப்பகம் அதை இரண்டு முறை திருப்பி அனுப்பியது. அவர் விடவில்லை, மீண்டும் திருத்தி எழுதினார்.

1920 மார்ச்சில் 'திஸ் சைட் ஆஃப் பாரடைஸ்' என்ற பெயரில் அது வெளிவந்தபோது அவருக்கு வயது 23. முதலில் அச்சிட்ட 3,000 பிரதிகள் மூன்றே நாளில் விற்றுத் தீர்ந்தன. கூடவே, புத்தகம் முழுக்க எழுத்துப்பிழைகள் என்ற கேலியும் வந்தது. எழுத்துக்கூட்டலுக்காக மதிப்பெண் இழந்த மாணவர்களுக்கு இவரைப் பிடித்துவிடும்.

1925 ஏப்ரல் 10ஆம் தேதி 'கேட்ஸ்பி' வந்தது. விலை 2 டாலர். முதல் அச்சில் 20,870 பிரதிகள். அதே ஆகஸ்டில் மேலும் 3,000 பிரதிகள் அச்சிட்டனர். இரண்டிலும் 1925 என்றே இருக்கும். எது முதல் அச்சு என்று சொல்லும் குறி எதுவும் இல்லை. பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டாம் அச்சின்போது ஆறு இடங்களை மட்டும் மாற்றினார்கள். 119ஆம் பக்கத்தில் வடக்கு என்ற பொருளில் இருந்த சொல், தெற்கு என்று மாறியது. 205ஆம் பக்கத்தில், பேச்சில் ஒட்டி ஒலிக்கும் 'சிக் அண்ட் டயர்ட்' என்ற தொடர், முதல் அச்சில் 'சிக் இன் டயர்ட்' என்று தவறாக விழுந்திருந்தது. இரண்டாம் அச்சில் அதுவும் சரிசெய்யப்பட்டது. ஆகவே, பழைய சொற்கள் அப்படியே இருந்தால் அது முதல் அச்சு.

காகித மேலுறையிலும் ஒரு தவறு. பின்பக்கத்தில் கேட்ஸ்பியின் முதற்பெயரான 'ஜே' சிறிய எழுத்தில் அச்சாகிவிட்டது. பெரும்பாலான பிரதிகளில் அதை மையால் திருத்தினார்கள். அந்த உறை புத்தகத்தைவிடச் சற்று உயரமானது. அதனால் ஓரங்கள் எளிதில் கிழிந்தன. பலரும் கழற்றி எறிந்துவிட்டார்கள்.

நாவல் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. 1930ல் மனைவி செல்டா மனநோயால் மருத்துவமனையில் சேர்ந்தார். ஃபிட்ஸ்ஜெரால்டைக் குடிப்பழக்கமும் கடனும் வாட்டின. 1937ல் ஹாலிவுட்டுக்குப் போய்த் திரைக்கதை எழுதிப் பிழைத்தார். 1940ல் அவருக்கு வந்த கடைசி உரிமத்தொகைக் கணக்கு 13 டாலர் 13 காசு. அவ்வாண்டு டிசம்பர் 21ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். வயது 44. தாம் தோற்றுவிட்டதாகவே அவர் நம்பினார். கேட்ஸ்பியின் இரண்டாம் அச்சுப் பிரதிகள் சில அப்போதும் பதிப்பகத்தின் கிடங்கில் விற்காமல் கிடந்தன.

இரண்டாம் உலகப் போரின்போது அந்நாவலின் 155,000 சிறு பிரதிகளை அச்சிட்டு அமெரிக்கப் போர்வீரர்களுக்கு இலவசமாகக் கொடுத்தனர். அதன்பின் புகழ் ஏறியது, பள்ளிகளில் பாடநூலானது. இன்று மேலுறை இல்லாத முதல் அச்சுப் பிரதி சில ஆயிரம் டாலருக்குப் போகிறது. பலர் கிழித்தெறிந்த அந்த மேலுறை நல்ல நிலையில் இருந்தால், ஏலத்தில் ஒரு லட்சம் டாலரையும் தாண்டுகிறது.