கொலராடோவின் நீர்க்கணக்கு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவுக்குக் காரில் செல்ல விரும்புவோருக்குத் திட்டமிடலே பாதிப் பயணம். லாஸ் வேகஸிலிருந்து தென்விளிம்புக்கு ஏறத்தாழ 450 கி.மீ. எதிரே தெரியும் வடவிளிம்பு நேர்க்கோட்டில் 16 கி.மீ. தொலைவுதான், சாலையில் சுற்றிச் சென்றால் 340 கி.மீ.க்கு மேல். அறை, எரிபொருள், குடிநீர் எனப் பட்டியல் நீளும். இந்தப் பள்ளத்தாக்கைப் படகில் கடந்து ஆய்வு செய்த முதல் குழுவின் தலைவர் ஜான் வெஸ்லி பவலும் ஒரு பட்டியலோடுதான் புறப்பட்டார். அதில் பத்து மாத உணவு இருந்தது.

பவல் 1834-இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு மெதடிஸ்ட் போதகரின் மகனாகப் பிறந்தார். அடிமை முறையை எதிர்த்த குடும்பம். உள்நாட்டுப் போர் மூண்டதும் வடக்குப் படையில் சேர்ந்தார். 1862 ஏப்ரலில் ஷைலோ போர்க்களத்தில் குண்டடிபட்டு, வலக்கை முழங்கைக்குக் கீழே துண்டிக்கப்பட்டது. மனைவி எம்மாவின் பராமரிப்பில் தேறி, மீண்டும் போருக்கே திரும்பினார். போர் முடிந்ததும் இல்லினாய் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நிலவியல் பேராசிரியரானார்.

அன்றைய வரைபடங்களில் கொலராடோ ஆற்றின் நடுப்பகுதி பெரும்பாலும் வெற்றிடமாகவே இருந்தது. 1869 மே 24 அன்று வயோமிங்கின் கிரீன் ரிவர் என்ற இடத்திலிருந்து நான்கு படகுகளில் பத்துப் பேர் புறப்பட்டனர். இரண்டு வாரங்களில் ஒரு படகு பாறையில் மோதி நொறுங்கியது. அதிலிருந்த உணவும் போயிற்று. எஞ்சிய மாவு நனைந்து பூசணம் பிடித்தது, பன்றி இறைச்சி கெட்டது. ஒருவர் விலகிச் சென்றார். பாறை ஏறும்போது ஒருமுறை ஒற்றைக் கையால் பற்றியபடி மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் பவல் தொங்கினார். மேலிருந்த பிராட்லி தமது நீண்ட உள்ளாடையைக் கழற்றிக் கயிறாகத் தொங்கவிட்டு அவரைக் காப்பாற்றினார்.

ஆகஸ்ட் 28-இல், ஒரு கொடிய நீர்வீச்சின் முன்னே, மூவர் இனி முடியாதென்று கூறிக் கரையேறினர். அவர்கள் கொல்லப்பட்டனர், கொன்றவர் யார் என்பது இன்றும் தீராத விவாதம். மற்ற அறுவரும் மறுநாளே பள்ளத்தாக்கைக் கடந்துவிட்டனர். பத்து மாதத்துக்கென எடுத்த உணவு, 98 நாள் பயணத்துக்கே போதவில்லை.

1871-72-இல் அவர் மீண்டும் சென்றார். ஆனால் 1875-இல் வெளியான தமது நூலில் இரண்டாம் பயணத்தின் நிகழ்வுகளை முதல் பயணத்தோடு கலந்துவிட்டு, அதில் உழைத்தவர்களின் பெயர்களைச் சொல்லாமல் விட்டார். ஆய்வு நெறி அறிந்த பேராசிரியர் ஒருவர் செய்யக் கூடாத பிழை அது.

எனினும், என் மதிப்பீட்டில் அவருடைய பெரும்பணி படகுப் பயணமன்று. 1878-இல் அவர் அரசிடம் அளித்த வறண்ட நிலங்கள் பற்றிய அறிக்கைதான். ஆண்டுக்கு 20 அங்குலத்துக்குக் குறைவாக மழை பெய்யும் மேற்குப் பகுதியில் பாசனமின்றி வேளாண்மை நிலைக்காது என்றார். யூட்டா பகுதியில் பாசனத்துக்கு உகந்த நிலம் 3 சதவீதத்துக்கும் குறைவு என்று கணக்கிட்டார். குடியேறுவோருக்கு 160 ஏக்கர் வழங்கிய சட்டம் ஈரமான கிழக்கின் அளவுகோல். மேற்கில் மேய்ச்சலுக்கு 2,560 ஏக்கரும், பாசன நிலமாயின் 80 ஏக்கரும் தர வேண்டும், தண்ணீர் உரிமையை நிலத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்பது அவர் யோசனை. நீரைத் தனியாரின் தனிச்சரக்காக்கினால் உழவன் அடிமையாவான் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஏர் சென்ற இடத்துக்கு மழை தொடர்ந்து வரும் என்று நம்பவைத்து நிலம் விற்றுக்கொண்டிருந்த காலத்தில் இதை யார் கேட்பார்?

1881 முதல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் தலைவராக இருந்த பவல், 1888-இல் பாசன ஆய்வைத் தொடங்கினார். ஆய்வு முடியும்வரை நில ஒதுக்கீடு நிறுத்தப்படவே, மேற்கு மாநில செனட்டர்கள் வெகுண்டனர். 1890-இல் நிதி வெட்டப்பட்டது. 1893-இல் லாஸ் ஏஞ்சலிஸ் பாசன மாநாட்டில், இருக்கும் நிலத்துக்கெல்லாம் போதிய நீர் இல்லை என்று அவர் கூறியபோது அவையோர் கூச்சலிட்டனர். மறுஆண்டு பதவி விலகினார். 1902 செப்டம்பரில் மறைந்தார்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1922-இல், ஏழு மாநிலங்களுக்கான கொலராடோ ஒப்பந்தம் உருவாயிற்று. மேல்படுகைக்கும் கீழ்ப்படுகைக்குமாக ஆண்டுக்கு 150 லட்சம் ஏக்கர்-அடி, நம் கணக்கில் சுமார் 653 டிஎம்சி, பங்கிடப்பட்டது. வழக்கத்துக்கு மாறாக மழை மிகுந்திருந்த ஆண்டுகளின் வரத்தே அதற்கு அடிப்படை. இந்த நூற்றாண்டில் ஆற்றின் சராசரி வரத்து அந்த அளவை எட்டவில்லை.

தென்விளிம்பில் ஹெர்மிட் சாலையோரம் பவல் முனை என்னும் இடத்தில் அவருக்கு நினைவுச்சின்னம் உண்டு. ஒரு நாள் கூடுதலாக ஒதுக்க முடிந்தவர்கள் வடக்கே பேஜ் நகருக்கும் போகலாம். அங்கு 1963-இல் கிளென் கேன்யன் அணையின் மதகுகள் மூடப்பட்டு உருவான நீர்த்தேக்கத்துக்குப் பவல் ஏரி என்று பெயர். நீர் எந்த உயரத்திலிருந்து இறங்கியிருக்கிறது என்பதை அதன் செம்பாறைச் சுவர்களில் படிந்துள்ள வெண்பட்டை காட்டிக்கொண்டிருக்கிறது.