இறால் தொட்டிக்கு மருந்தாகும் வைரஸ்: பட்டம் இல்லாத விஞ்ஞானி டெரெல் யார்?

ராத்திரி விளக்கை அணைத்ததும் இறால் குஞ்சுத் தொட்டி மினுமினுத்தால், பொரிப்பகம் நடத்துபவருக்கு வயிற்றைக் கலக்கிவிடும். அது விப்ரியோ ஹார்வேயி என்ற ஒளிரும் பாக்டீரியாவின் வேலை. குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் செத்துப் போகும். ஆன்டிபயாடிக் போட்டால் என்ன? அதன் எச்சம் இருந்தால் ஏற்றுமதி சரக்கே திரும்பி வந்துவிடும். அதனால்தான் பாக்டீரியாவை மட்டும் தாக்கி அழிக்கும் 'பாக்டீரியோஃபேஜ்' வைரஸ் பக்கம் ஆய்வாளர்கள் திரும்பினார்கள். அந்தப் பெயரை வைத்தவர் ஃபெலிக்ஸ் டெரெல்.

1873-ல் பிறந்த டெரெலுக்குக் கல்லூரிப் பட்டம் எதுவும் கிடையாது. நுண்ணுயிரியலைத் தானாகவே படித்துக்கொண்டவர். கனடாவில் சாக்லேட் தொழிலில் பணத்தை இழந்து, குவாத்தமாலாவுக்கும் மெக்சிகோவுக்கும் வேலை தேடிப் போனார். மெக்சிகோவில் வெட்டுக்கிளிகளைக் கொல்லும் கிருமியை வளர்த்தபோது, தட்டில் ஆங்காங்கே கிருமியே இல்லாத தெளிவான வட்டங்கள் தெரிந்தன. காரணம் அப்போது பிடிபடவில்லை.

பிறகு பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்தார், அதுவும் சம்பளம் இல்லாமல். (பட்டுப்புழு நோயை ஆராய்ந்த அதே லூயி பாஸ்டர் பெயரில் இருக்கும் நிறுவனம்தான். புழுவுக்கு நோய் வந்தால் நூல் விலை என்னாகும்னு ஆரணி தறிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.) முதல் உலகப் போரின்போது வீரர்களுக்கு ரத்தபேதி வந்தது. அவர்களின் மலத்தை வடிகட்டிச் சோதித்தபோது மறுபடியும் அதே வட்டங்கள். 1917-ல் அறிக்கை வெளியானது. இரண்டு வருஷம் முன்பே இங்கிலாந்தின் ஃபிரடெரிக் டுவார்ட் இதேபோன்ற ஒன்றைப் பார்த்து எழுதியிருந்தார். யார் முதல் என்ற சண்டை ரொம்ப நாள் ஓடியது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், ஃபேஜ் மருந்து முதலில் போனது மனிதர்களுக்கு அல்ல, கோழிகளுக்கு. 1919-ல் பிரான்ஸ் கிராமங்களில் கோழிகளைக் கொன்ற டைஃபாய்டுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். அதன் பிறகுதான் ரத்தபேதியால் படுத்திருந்த 12 வயதுப் பையனுக்குக் கொடுத்தார். அதுவும் தானும் மருத்துவர்களும் குடித்துப் பார்த்த பிறகு!

நோய் தொற்றுவது மாதிரியே குணமும் தொற்றும் என்பது டெரெலின் நம்பிக்கை. தேறியவர் உடம்பிலிருந்து ஃபேஜ் தண்ணீருக்குப் போய், ஊருக்கே பரவும் என்று நினைத்தார். 1927-ல் காலரா ஆய்வுக்காக இந்தியா வந்தவர், பஞ்சாபில் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்ததோடு நிற்காமல் கிராமத்துக் கிணறுகளிலும் ஃபேஜைச் சேர்த்தார். ஒவ்வொரு ஆளாகப் பார்க்காமல் தண்ணீருக்கே வைத்தியம். மீன் குட்டைக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை ஏது? நோய்ப்பட்ட மீனைத் தனித்தனியாகப் பிடித்து ஊசி போட முடியாதே.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். பிறகு ஜார்ஜியாவில் நண்பர் எலியாவாவின் ஆய்வு நிறுவனத்தில் வேலை செய்தார். 1937-ல் எலியாவாவை ஸ்டாலின் அரசு கொன்றது. டெரெல் அங்கே திரும்பவே இல்லை. நோபலுக்குப் பலமுறை பரிந்துரைத்தும் கிடைக்கவில்லை. பென்சிலின் வந்ததும் மேற்கு நாடுகள் ஃபேஜை மறந்தன. 1949-ல் பாரிஸில் இறந்தார்.

1990-களின் கடைசியில் ஜப்பானில் நகாய் குழு, ஃபேஜ் கலந்த தீவனத்தை ஆயு மீன்களுக்குக் கொடுத்துச் சாவைக் குறைத்தது. அடுத்து மங்களூரு மீன்வளக் கல்லூரி ஆய்வாளர்கள் இறால் பொரிப்பகத்திலேயே சோதித்தார்கள். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனமும் இதில் இறங்கியிருக்கிறது.

ஒரு சிக்கல் மட்டும் டெரெல் காலத்திலிருந்தே தொடர்கிறது. ஒரு ஃபேஜ் தனக்குரிய பாக்டீரியாவை மட்டுமே தாக்கும், அதுவும் நாளடைவில் தப்பிக்கக் கற்றுக்கொள்ளும். அதனால் தொட்டியில் இருப்பது எந்தக் கிருமி என்று முதலில் பார்த்து, அதற்கேற்ற பல ஃபேஜ்களைச் சேர்த்துத்தான் ஊற்றுகிறார்கள்.