இசைக்குப் பள்ளி வகுத்த பண்டிதர்

சங்கீதம் பயில விரும்பும் பிள்ளை இன்று கல்லூரியில் விண்ணப்பம் கொடுத்துச் சேரலாம். பாடத்திட்டம் உண்டு, பரீட்சை உண்டு, பட்டமும் உண்டு. தந்தையும் பாட்டனும் பாடகர்களா என்று கேட்பார் இல்லை. வடநாட்டில் இந்நிலை எளிதில் வாய்த்ததன்று. இதற்காகத் தம் தொழிலைத் துறந்து வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் பண்டித விஷ்ணு நாராயண பாத்கண்டே. நம் குடும்பத்துக் குழந்தைகள் பிலாவல் தாட், கல்யாண் தாட் என்று பாடம் ஒப்பிப்பதை நாம் கேட்டிருக்கிறோம். அப்பாடத்தின் வேர்களுள் ஒன்று நம் எட்டையபுரத்து மண்ணில் ஊன்றியது என்பதை அறிந்தவர் சிலரே. ஆதலின் அப்பெரியாரின் வரலாற்றை இம்மலரில் சுருங்கக் கூற விழைகிறோம்.

பம்பாய் வாலகேசுவரத்தில் 1860-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் நாள், கோகுலாஷ்டமியன்று, பாத்கண்டே பிறந்தார். இசை அவருடைய குலத்தொழில் அன்று. சிறு வயதில் குழலும் பின்னர் சிதாரும் பயின்றார். கல்லூரிப் படிப்போடு சட்டமும் கற்று 1887-இல் பட்டம் பெற்று வழக்கறிஞரானார். இதற்கிடையே 1884-இல், பம்பாய்ப் பார்ஸி அன்பர்கள் நிறுவியிருந்த காயன் உத்தேஜக் மண்டலி என்னும் இசைச் சங்கத்தில் உறுப்பினரானார். அங்கு வந்த வித்வான்களிடம் துருபதங்களும் கயால்களுமாக நூற்றுக்கணக்கான உருப்படிகளைப் பாடம் செய்தார். பகலில் நீதிமன்றம், மாலையில் சங்கீதம் என்று பல ஆண்டுகள் கழிந்தன.

பயிலப் பயில அவர் உள்ளத்தில் ஐயங்களும் வளர்ந்தன. ஒரே இராகத்தை ஒரு கரானாவினர் ஒருவிதமாகவும் மற்றொரு கரானாவினர் வேறுவிதமாகவும் பாடினர். காரணம் கேட்டால் முன்னோர் வழி என்பதற்குமேல் விடை கிடைப்பது அரிது. பழைய வடமொழி இலக்கண நூல்களோ நடைமுறைப் பாட்டோடு பொருந்தவில்லை. வித்வான்கள் தம் உருப்படிகளைப் பிறர் எழுதிக்கொள்ள எளிதில் இசையமாட்டார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கும் இல்லை. அரசவை ஆதரவை நம்பி வாழ்ந்தவர்களுக்குப் பாட்டே நிலமும் வீடும் ஆகும். அதை ஊராருக்குப் பங்கிட்டுக் கொடுக்க யார்தான் துணிவர்? ஆயினும் வித்வானின் பிள்ளை அல்லாதவன் இசை கற்கும் வழி இதனால் குறுகிப் போயிற்று. கௌரவமான குடும்பத்தினர் தம் மக்களை இத்துறைக்கு அனுப்பவும் அக்காலத்தில் அஞ்சினர்.

1900-இல் அவருடைய மனைவியார் காலமானார். 1903-இல் மகளும் மறைந்தாள். இல்லம் வெறுமையாயிற்று. வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டு, எஞ்சிய நாட்களை இசை ஆராய்ச்சிக்கே அர்ப்பணிக்கத் துணிந்தார். மறு ஆண்டே, 1904-இல், தென்னாட்டு யாத்திரை புறப்பட்டார். இசைக்கு இலக்கணம் உயிரோடு இருக்கும் நாடு தெற்கு என்று கேள்வியுற்றிருந்தார். மொழி பழகாத நாட்டில், சென்னையிலிருந்து பல ஊர்கள் கடந்து, சமஸ்தானங்களையும் சுவடிச் சாலைகளையும் நாடிச் சென்றார்.

அந்த யாத்திரையின் பயன் எட்டையபுரத்தில் கிட்டியது. அங்கே சமஸ்தான வித்வானாக இருந்தவர் சுப்பராம தீட்சிதர். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியான பாலுசுவாமி தீட்சிதரின் சுவீகார புதல்வர். தம் குடும்பத்தின் இசைச் செல்வத்தைச் சுரக்குறிப்போடும் கமகக் குறிகளோடும் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூலாக அவர் வெளியிட்டதும் அதே 1904-ஆம் ஆண்டுதான். பாத்கண்டே வடக்கில் எதைச் செய்யக் கனவு கண்டாரோ, அதை ஒரு சிற்றூரில் முதியவர் ஒருவர் செய்து முடித்திருந்தார். 72 மேளங்களை வகுத்துக் காட்டிய வேங்கடமகியின் ‘சதுர்தண்டி பிரகாசிகை’ என்னும் 17-ஆம் நூற்றாண்டு நூலின் பிரதியும் அவரிடமிருந்து பாத்கண்டேக்குக் கிடைத்தது. பின்னர் அது அச்சேறவும் பாத்கண்டே வழி செய்தார்.

ஊர் திரும்பியபின் எழுத்துப்பணி தொடங்கிற்று. ‘சதுர பண்டிதர்’ என்னும் புனைபெயரில் வடமொழியில் ‘ஸ்ரீமல்லக்ஷ்ய சங்கீதம்’ இயற்றினார். ‘ஹிந்துஸ்தானி சங்கீத பத்ததி’ என்னும் நூலைக் குருவும் சீடனும் உரையாடும் முறையில் மராத்தியில் நான்கு பாகங்களாக எழுதினார். மேள முறையின் வழிநின்று, வடநாட்டு இராகங்களைப் பிலாவல், கல்யாண், கமாஜ், பைரவ், பூர்வி, மார்வா, காபி, ஆசாவரி, பைரவி, தோடி என்னும் பத்துத் தாட்டுகளில் அடக்கினார். ஆறு பாகங்கள் கொண்ட ‘கிரமிக் புஸ்தக் மாலிகா’வில் ஏறத்தாழ 1,800 உருப்படிகளைச் சுரக்குறிப்போடு அச்சிட்டார். நம் இலட்சண கீதங்களை ஒத்து, இராகத்தின் இயல்பைப் பாட்டிலேயே சொல்லும் லக்ஷண கீதங்களையும் மாணவர்க்கென இயற்றினார்.

நூல்கள் மட்டும் போதா என்பதை அவர் உணர்ந்திருந்தார். பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட்டின் ஆதரவில் 1916-இல் முதல் அகில இந்திய சங்கீத மாநாட்டைக் கூட்டினார். அம்மாநாட்டுக்குத் தஞ்சையிலிருந்து ஆபிரகாம் பண்டிதர் தம் புதல்வியரோடு சென்று, சுருதிகள் 22 அல்ல, 24 என்னும் தம் கொள்கையை எடுத்துரைத்தார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. டில்லியிலும் காசியிலும் லக்ஷ்மணபுரியிலும் மாநாடுகள் தொடர்ந்தன. 1918-இல் குவாலியரில் மாதவ சங்கீத வித்யாலயம் தோன்றியது. 1926-இல் லக்ஷ்மணபுரியில் மாரிஸ் சங்கீதக் கல்லூரி பிறந்தது. அதுவே 1966-இல் பாத்கண்டேயின் பெயர் பெற்று, இன்று பல்கலைக்கழகமாக விளங்குகின்றது. தமிழகத்திலும் அதே காலத்தை ஒட்டி, 1929-இல் சிதம்பரத்தில் இசைக்கல்லூரி எழுந்தது.

அவர் பணியில் குறை கண்டோரும் உண்டு. பத்துத் தாட்டுகளில் அடங்காத இராகங்கள் பல என்றனர் இலக்கணம் வல்லோர். ஏட்டைப் பார்த்துப் பாடுபவன் பாடகன் ஆவானா என்று கேட்டனர் உஸ்தாதுகள். வித்வான்களின் அறியாமையைப் பற்றி அவர் எழுதியவற்றில் கடுமை மிகுதி என்பதையும் மறைப்பதற்கில்லை. கல்லூரியின் முதல்வராகப் பல்லாண்டு விளங்கி மாணவர் பலரை உருவாக்கிய ஸ்ரீகிருஷ்ண ரத்தன்ஜங்கர், பாத்கண்டேயிடம் பயின்றதோடு, உஸ்தாத் ஃபையாஸ் கானின் அடியமர்ந்தும் பயின்றவர். இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. சுரக்குறிப்பு வழியைக் காட்டும். நாதத்தின் நெளிவு சுளிவுகளைக் குருவின் குரலிலிருந்துதான் பெறவேண்டும். கல்லூரியால் மகா வித்வான்களை ஆண்டுதோறும் படைக்க இயலாது. ஆயினும் குருவை அணுகும் தகுதியை எவர் வீட்டுப் பிள்ளைக்கும் அது தரும். பாடாதவரையும் நல்ல இரசிகராக்கும். பாத்கண்டே வென்றது இதில்தான்.

வடக்கு, தெற்கு இரண்டும் ஒன்றிய ஓர் இசைமுறை பாரத நாட்டுக்கு அமைய வேண்டும் என்னும் அவர் ஆசை நிறைவேறவில்லை. நாடு தழுவிய சங்கீத அகாடமி ஒன்று வேண்டும் என்னும் விருப்பமும் அவர் காலத்தில் கைகூடவில்லை; சங்கீத நாடக அகாடமி 1953-இல்தான் தோன்றியது. 1933-இல் வாத நோயால் தாக்குண்டு படுக்கையுற்றார். மூன்று ஆண்டுகள் துன்புற்று, 1936 செப்டம்பர் 19-ஆம் நாள், விநாயக சதுர்த்தியன்று, பம்பாயில் இறைவனடி சேர்ந்தார்.

தம் மகளை இழந்தவர், ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பாடநூல் எழுதி வைத்துச் சென்றார். வடமொழியும் ஆங்கிலமும் துணையாகத் தெற்கே வந்த ஒரு மராத்தியருக்கு எட்டையபுரத்து முதியவர் ஏட்டைத் திறந்து காட்டினார். அந்த ஏட்டின் பயனை இன்று வடநாட்டில் நம் மக்கள் துய்க்கின்றனர். நம் பிள்ளைகள் ஹிந்துஸ்தானி பயின்றாலும் கர்நாடகம் பயின்றாலும், மற்றதையும் செவி கொடுத்துக் கேட்கப் பழகுவார்களாயின், அவ்விருவருக்கும் நாம் பட்ட கடனில் ஒரு பகுதியேனும் தீரும் என்று நம்புகிறோம்.