நூலிழையில் ஒரு பளிங்கு

பருத்தித்துறைக் கரையிலே பிறந்து, பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கண்புரை நீக்கிய சில ஆண்டுகளின் பின் கடல் மீண்டும் மங்கலாகத் தோன்றிற்று. வைத்தியர் லேசர்க் கதிரைச் செலுத்தி, வில்லையின் பின்னே தடித்திருந்த சவ்வைத் திறந்துவிட்டார். அக்கதிர் பிறக்குமிடம், நியோடிமியம் என்னும் அருமண் மூலகத்தின் அயன்களைத் தாங்கிய காணெற்றுப் பளிங்கு. நவமணிகளுள் ஒன்றான கோமேதகமும் காணெற்று இனத்ததே. வீடு திரும்பும் வழியெல்லாம் என் நெஞ்சில் நின்றவர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன்.

1898 டிசம்பர் 4ஆம் நாள் தமிழ்நாட்டின் வத்திராயிருப்பிலே அவர் பிறந்தார். தந்தையார் பயிர்த்தொழில் புரிந்தவர். தமிழும் வடமொழியும் கற்றவர். அப்புலமை மைந்தருக்கும் வாய்த்தது. மதுரையிலும் சென்னையிலும் பயின்றபின் கல்கத்தா சென்று இராமனிடம் ஆராய்ச்சி மாணவரானார். 1928இல் ஒளிச்சிதறலின் புதுமை வெளிப்பட்ட நாள்களில், சூரிய ஒளியைத் திரவங்களிற் செலுத்திச் சோதனை செய்தவர் அவர். அறிவிப்பிலே இருவர் பெயரும் இருந்தன. 1930இல் நோபெல் பரிசு இராமன் ஒருவருக்கே சென்றது. அதற்கு முன்பே கிருஷ்ணன் டாக்காப் பல்கலைக்கழகத்தை அடைந்து, தமக்கென வேறொரு துறையை வகுத்துக்கொண்டிருந்தார்.

சிறு பளிங்கொன்றை நுண்ணிய குவார்ட்ஸ் இழையிலே தொங்கவிட்டுக் காந்தப் புலத்தில் நிறுத்தினார். பளிங்கு திரும்ப முயலும்; இழை தடுக்கும். அம்முறுக்கத்தை அளந்து, உள்ளேயிருக்கும் அயன் எத்தகைய அயலாரின் நடுவே வாழ்கின்றது என்பதை உய்த்துணர்ந்தார். செம்பு, இரும்பு முதலிய தாண்டல் மூலக அயன்களின் இலத்திரன்கள் அயல் அணுக்களின் மின்புலத்துக்கு நேரே ஆட்படுகின்றன. அருமண் அயன்களிலோ அவை உள்ளறையில் ஒதுங்கியிருத்தலின் அத்தாக்கம் மெலிது. ஆதலால் முன்னவற்றின் நிறமாலையில் அகன்ற பட்டைகளும், பின்னவற்றில் கூரிய கோடுகளும் தோன்றும். காந்தத்தின் வாயிலாக அவர் நாடிய புலத்தையே நிறமாலையாளர் ஒளியின் வாயிலாக நாடுகின்றனர். அக்கூர்மையே நியோடிமியத்தை லேசருக்கு உகந்ததாக்கிற்று.

1940இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தவராக்கியது. 1947இல் புதுடில்லித் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதல் இயக்குநரானார். 1961 ஜூன் 14ஆம் நாள் மறைந்தார். காணெற்று லேசர் பிறந்தது 1964இல். அதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஒரு குற்றத்தை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பல்லாண்டு இராமன் விளைவைக் கற்பித்தேன். கிருஷ்ணன் பெயரைச் சொன்னதில்லை. அறிவிப்பில் இரு பெயர் இருப்பதை எங்கோ வாசித்த மாணவியொருத்தி, மற்றவர் யாரென்று ஒருநாள் வினவினாள். பாடநூலையே உலகமென்று நம்பியிருந்த நான் விடையின்றி நின்றேன். அன்றிரவே அவர் வரலாற்றைத் தேடத் தொடங்கினேன்.

அதன்பின் வகுப்பிலே செம்புச் சல்பேற்றுப் பளிங்கை நூலில் தொங்கவிட்டு வளர்த்த போதெல்லாம், இதே நீலப் பளிங்கை அவரும் ஆராய்ந்தார் என்று சொல்லத் தவறியதில்லை. கேட்ட பிள்ளைகள் அந்த நூலை நோக்கிய விதமே வேறு.

இப்போது கடல் தெளிவாகத் தெரிகின்றது. ஆசிரிய நண்பர்கள் அப்பாடத்தை நடத்துகையில் இரு பெயரையும் சொல்வார்களாக.