இரு சுவர்களை இணைத்த மூலைக்கல்



இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் ஹல் என்றொரு துறைமுக நகரம் உள்ளது. மேற்கிலிருந்து அந்நகருக்குள் செல்லும் பெருஞ்சாலைக்குக் கிளைவ் சலிவன் என்ற ரக்பி வீரரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அவர் அந்த ஊரில் பிறந்தவர் அல்லர். இயல்பாக நடப்பதே கடினம் என்று மருத்துவர்கள் சொன்ன கால்களோடு வளர்ந்தவர். அவருடைய வாழ்வை இன்று சற்றே சிந்திப்போம்.

கிளைவ் சலிவன் 1943-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள், வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில், ஸ்ப்லாட் பகுதியில், கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சிறு வயதிலேயே கால்களிலும் பாதங்களிலும் தோள்களிலும் பல அறுவைச் சிகிச்சைகள். மற்றச் சிறுவர்கள் ஓடி ஆடியபோது அவர் வலியோடு போராடினார். பின்னர் இராணுவத்தில் சேர்ந்தார். ஒருநாள் படைப்பிரிவுகளுக்கிடையே நடந்த ரக்பி ஆட்டத்தில் அவரையும் ஆடச் சொன்னார்கள். மறுத்தால் பழைய சிகிச்சைகள் வெளியே தெரிந்து வேலை போய்விடுமோ என்ற அச்சம் அவருக்கு! காயம் பட்டதாக நடித்து இடையில் வெளியேறிவிடலாம் என்று எண்ணியே களம் இறங்கினார். ஆனால் பந்து கைக்கு வந்ததும் எண்ணமெல்லாம் மறந்துபோயிற்று. ஓடினார். எதிரணியின் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் ஊன்றினார். இதைத்தான் ரக்பியில் 'ட்ரை' என்கிறார்கள்.

அணிக்குப் 15 பேர் ஆடும் ரக்பி யூனியன்தான் வேல்ஸ் மக்களின் உயிர்மூச்சு. ஆனால் 1980-கள் வரை வேல்ஸ் நாட்டின் யூனியன் அணியில் ஒரு கறுப்பினத்தவர்கூட ஆடியதில்லை. எனவே கார்டிஃப் துறைமுகப் பகுதிகளின் திறமையான கறுப்பின இளைஞர்கள் பலர், வட இங்கிலாந்தில் 13 பேர் ஆடும் ரக்பி லீக்கைத் தேடிச் சென்றார்கள். சலிவனும் சென்றார். முதலில் சோதித்துப் பார்த்த மன்றம் அவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. 1961-ல் ஹல் மன்றத்தில், பெயரை வெளியிடாமல் ஒரு சோதனை ஆட்டத்தில் இறக்கினார்கள். மூன்று ட்ரை எடுத்தார். உடனே ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

ஹல் நகரை ஓர் ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. மேற்குக் கரையினரின் அணி ஹல்; அதன் நிறம் கறுப்பு வெள்ளை. கிழக்குக் கரையினரின் அணி ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ். அதன் நிறம் சிவப்பு வெள்ளை. தலைமுறை தலைமுறையாகத் தொடரும் போட்டி அது. சலிவன் 13 ஆண்டுகள் மேற்குக் கரைக்காக ஓடினார். 1963-ல் ஒரு கார் விபத்தில் படுகாயமடைந்தும், சில மாதங்களில் களத்திற்குத் திரும்பினார். அந்த மன்றத்திற்காக அவர் எடுத்த ட்ரைகள் 250. வேறு எவரும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை.

1972-ல் கிரேட் பிரிட்டன் அணியின் தலைவரானார். அந்நாட்டின் தேசிய விளையாட்டு அணி ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அவ்வாண்டு நவம்பரில் பிரான்சின் லியோன் நகரில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக உலகக் கோப்பை இறுதி ஆட்டம். தம் அணியின் எல்லைக்கு அருகில் பந்தை வாங்கியவர், ஏறக்குறைய 80 மீட்டர் தூரம் எவர் கையிலும் சிக்காமல் ஓடி ட்ரை எடுத்தார். ஆட்டம் 10-10 என்று சமனில் முடிந்தது. முந்தைய ஆட்டங்களில் பெற்ற புள்ளிகளின் அடிப்படையில் கோப்பை பிரிட்டனுக்குக் கிடைத்தது. நடக்க முடியாது என்று கருதப்பட்ட சிறுவனின் கைகளில் உலகக் கோப்பை!

1974-ல் அவர் ஆற்றைக் கடந்தார். எதிர்க்கரை அணியான ரோவர்ஸுக்கு ஆடி, அங்கும் 118 ட்ரைகள் எடுத்தார். 1980-ல் இலண்டன் வெம்ப்ளி அரங்கில் நடந்த சவால் கோப்பை இறுதியில் இரு கரையினரும் நேருக்கு நேர் மோதினார்கள். ரோவர்ஸ் 10-5 என்று வென்றது. வென்ற அணியில் 37 வயது சலிவன் இருந்தார். பின்னர் பயிற்சிப் பணிக்காக மீண்டும் மேற்குக் கரைக்கு வந்தார். 1982-ல் அதே கோப்பையின் இறுதி ஆட்டம் சமனாகி, மறு ஆட்டம் வந்தபோது வீரர் ஒருவர் காயமடைந்திருந்தார். 39 வயதான சலிவன் அந்த இடத்தில் இறங்கினார். ஹல் அணி வென்றது. அதன்பின் டான்காஸ்டர் அணியில் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார்.

1985 அக்டோபர் 8-ஆம் நாள், புற்றுநோய் அவரைத் தம் 42-ஆம் வயதில் கொண்டுபோயிற்று. கறுப்பு வெள்ளையினரும் சிவப்பு வெள்ளையினரும் சேர்ந்தே அழுதார்கள். சாலைக்கு அவர் பெயர் வந்தது. இரு அணிகளும் மோதும்போது அவர் நினைவாக ஒரு கோப்பையும் வழங்கப்பட்டது. 2023-ல் பிறந்த ஊரான கார்டிஃப் துறைமுகத்தில், மக்கள் நிதி திரட்டி, பில்லி பாஸ்டன், கஸ் ரிஸ்மன் ஆகியோரோடு அவருக்கும் சிலை எழுப்பினார்கள். வாய்ப்பு மறுத்த ஊரே பின்னாளில் வணக்கம் செலுத்தியது.

அன்பார்ந்தவர்களே, கட்டுகிறவர்கள் ஒதுக்கித் தள்ளிய கல்லே மூலைக்கல்லானதைத் திருப்பாடல் ஆசிரியர் பாடுகிறார். திருத்தூதர் பவுலோ எபேசு நகரத் திருச்சபைக்கு எழுதும்போது, பகைமைச் சுவரைத் தகர்த்த கிறிஸ்துவையே அந்த மூலைக்கல்லாகக் காட்டுகிறார். மூலைக்கல்லின் வேலை என்ன? வெவ்வேறு திசையிலிருந்து வரும் இரு சுவர்களைத் தன்மேல் சேர்த்துத் தாங்குவது. இரு பக்கத்துப் பாரமும் அதன்மேல்தான் விழும். கிளைவ் சலிவன் அப்படி ஒரு கல்லாக வாழ்ந்துவிட்டுப் போனார்.

நம் பங்குகளில் ஆறு ஓடாமலேயே இரு கரைகள் உண்டு. தெருவின் பெயரால், குடும்பத்தின் பெயரால், சாதியின் பெயரால், திருவிழாவில் யாருக்கு முதலிடம் என்ற சண்டையின் பெயரால் கரைகளை நாமே எழுப்பியிருக்கிறோம். ஒரே பீடத்தில் ஒரே அப்பத்தை உண்டுவிட்டு, வெளியே வந்ததும் அவரவர் கரைக்குப் போய்விடுகிறோம். என் கரையினர் என்ன சொல்வார்களோ என்ற அச்சத்தில் மறுகரைக்கு ஓர் அடி எடுத்து வைக்கவும் தயங்குகிறோம். பங்குத்தந்தையான எனக்கும் இந்தக் கேள்வி உண்டு: நான் இறந்தால் இரு கரையிலும் அழுவார்களா?

இவ்வாரம் மறுகரையில் ஒரு வீட்டின் கதவையாவது நாம் தட்டுவோம். நொய்ந்த கால்களுக்கும் ஓடும் வலிமை தந்த இறைவன், அந்தச் சிறு தூரத்தைக் கடக்க நம் கால்களுக்கும் வலிமை தருவாராக! ஆமென்.